மழை ராத்திரியில் பெய்யட்டும்

"மார்கழியில எதுக்குடி போற? பொங்கலுக்குப் போ. வீடே கலகலன்னு இருக்கும்" என்றாள் அம்மா. அவள் சொன்னது நியாயம்தான். நானும் என் கணவரும் அவருடைய ஊருக்கு எப்போதும் பொங்கலை ஒட்டித்தான் போவோம். புது நெல், புதுப் பானை, வெள்ளையடித்த சுவர், எல்லார் கையிலும் கொஞ்சம் காசு. 2024 பொங்கலுக்கு மட்டும் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. 2023 கிறிஸ்துமஸ் வாரம்தான் கிடைத்தது. அதனால் டிசம்பர் 22 ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

அந்த ஐந்து நாட்களைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். இப்போதுதான் முடிந்தது.

கிளம்பும்போது மனசு சரியாக இல்லை. டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரிப் பக்கம் நாங்கள் இருக்கிற தரைத்தள வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. மூன்று நாள் கரண்ட் இல்லை. மெத்தை, அரிசி டப்பா, என் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டுக் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தோம். போனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போன் போட்டு, "அங்க மழை உண்டாப்பா?" என்று கேட்டார். "தூறலோட போச்சு தம்பி" என்று மாமா சொன்னது எனக்கும் கேட்டது. இவர் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, இந்த மனுஷன் இன்னொரு இடத்தில் மழை பெய்யவில்லையே என்று வருத்தப்படுகிறார். அன்றைக்கு நான் நாலு வார்த்தை பேசிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

விடிகாலையில் மன்னார்குடியில் இறங்கினோம். அன்று வைகுண்ட ஏகாதசி. ராஜகோபால சுவாமி கோயில் பக்கம் ஈரத் தலையும் புதுப் புடவையுமாக ஒரே கூட்டம். அங்கிருந்து கோட்டூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி போகிற பஸ். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனி அப்படி மூடியிருந்தது. பனை மரங்களின் தலை மட்டும் மிதந்தது. ஏழு மணிக்கு மேல் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சை விரிந்தது. பார்த்த கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டில் இவர் அந்தப் பச்சையைப் பார்த்த விதம் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வாய்க்காலும் வந்தபோது எழுந்து எட்டிப் பார்த்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் வாசல் தோறும் கோலம். எங்கள் வீட்டு வாசலில் சாண உருண்டைக்கு மேல் பரங்கிப்பூ. மாமா காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு நின்றார். "வாம்மா, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டுப் பையை வாங்கிக்கொண்டார். திண்ணையில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த அப்பாயி, மாமாவின் அம்மா, என் கையைப் பிடித்து, "ஏம்புள்ள, பட்டணத்துல வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துருச்சாமே" என்றது. நான் முழுக் கதையையும் சொன்னேன். அப்பாயி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, "அதுல பாதி இந்தப் பக்கம் வந்துருக்கப்படாதா" என்றது. யாரையும் குறை சொல்லாத குரல் அது. டிசம்பர் 4 அன்று இவர் போனை வைத்துவிட்டு ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அந்த நிமிஷம் புரியத் தொடங்கியது.

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிந்து, அதற்கப்புறம் எத்தனையோ மதகும் வாய்க்காலும் தாண்டித்தான் இங்கே வரும். மேலே இருக்கிற வயல்கள் குடித்தது போக மிச்சம் இவர்களுக்கு. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்து ஜனவரி 28 வரைக்கும் தண்ணீர் விடுவார்கள். 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி திறந்தது சரி. கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, மேட்டூர் நீர்மட்டம் விழுந்துகொண்டே போனது, அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடிவிட்டார்கள். கடைமடையில் குறுவை பல இடங்களில் கருகியது. சம்பா முழுக்க வானத்தை நம்பி நின்றது. போர் போட்டுக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். கடல் பக்கம் என்பதால் இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. பயிருக்கு ஆகாது. குளத்திலும் வாய்க்காலிலும் தேங்கியிருக்கிறதை டீசல் இஞ்சின் வைத்து இறைக்கலாம். அதுவும் தேங்கியிருந்தால்தான்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம். இங்கே ஏக்கர் என்று யாரும் பேசமாட்டார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒன்பது மா என்றால் கிட்டத்தட்ட மூன்று ஏக்கர். அதில் எட்டு மாவில் சி.ஆர். 1009. நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கிற நெல். ஆகஸ்ட் கடைசி வாரம் நேரடி விதைப்பாக விதைத்தது. மீதி ஒரு மாவில் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிச்சிலிச் சம்பா. அந்த விதைக்கு ஒரு கதை இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். போகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மாமா அப்படி வாங்கி வந்ததுதான் கிச்சிலி. ஜெயராமன் 2018 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், நவம்பர் 16-ஆம் தேதி, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து இந்தப் பகுதியின் தென்னையை எல்லாம் சாய்த்திருந்தது. எங்கள் கொல்லையில் மட்டும் பதினான்கு மரம். அதில் ஒன்றின் கட்டைதான் இன்றைக்கும் வாய்க்காலுக்குப் பாலமாகக் கிடக்கிறது. "அந்த வருஷத்து மார்கழிய மட்டும் நெனைக்கவே மாட்டேன்" என்றார் மாமா.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மாமா வயலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாதாரணமாக அவர் ஆறு மணிக்கே போகிற ஆள். ஏன் இவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டேன். "பூக்கிற நேரம்மா" என்றார்.

நெல் பூக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாகச் சோறு சாப்பிடுகிறேன், ஒரு நெல்லும் பூவாக இருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வரப்பில் குனிந்து ஒரு கதிரை விரல் நுனியால் தாங்கிக் காட்டினார். பச்சை உமி இரண்டாகப் பிளந்து, நடுவே வெள்ளையாகத் தூசு போல மெல்லிய இழைகள் தொங்கின. வெயில் ஏறி, பனி காய்ந்ததும் திறக்கும். உச்சிக்குள் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தடவைதான். அந்த நேரத்தில் வயலுக்குள் இறங்கமாட்டார்கள், மருந்து அடிக்கமாட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். மூடின உமிக்குள் பால் பிடிக்காது. கதிர் நிமிர்ந்தே நிற்கும், அறுத்தால் பதர்.

"அப்போ மழை வேணாமா மாமா?"

"மழை வேணும்மா. தண்ணி இல்லாம இது பால் கட்டாது. வெடிப்பு பாரு." காலடியில் மண் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. "வேணும். ஆனா ராத்திரியில பெய்யணும். விடியறதுக்குள்ள விட்டுறணும்."

கிண்டல் இல்லாமல், பேரம் இல்லாமல், சாமியிடம் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம் இப்படி ஒரு கணக்கில் நிற்கிறது. மழை வேண்டும், பகலில் வேண்டாம். குளிர் வேண்டும், ஆனால் ராத்திரிக் குளிரும் பனியும் அதிகமானால் குலைநோய் வரும். கதிரின் கழுத்தில் கறுத்து, அப்படியே ஒடிந்து தொங்கிவிடும். இதற்கு நடுவில் எலி. சாயங்காலம் கிட்டி வைக்கிறவர் வந்து வரப்போரம் மூங்கில் வில் மாதிரி வளைத்த கிட்டிகளை ஊன்றிவிட்டுப் போனார். விடியலில் எடுத்துப் பார்த்து, எத்தனை எலியோ அத்தனைக்குக் கணக்கு. நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக ஈரம் இருந்த மூலையில் மட்டும் நின்றன. நத்தை அங்கேதானே இருக்கும். தண்ணீர் எதுவரைக்கும் இருக்கிறது என்பதை நாரைகளை வைத்தே மாமா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னையில் டிசம்பர் மாதம் முழுக்க இவர் தினமும் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் பேசுவார். இரண்டு நிமிஷம்தான். "மேகம் எப்படி?" என்று கேட்பார், வைத்துவிடுவார். என்னோடு பேச நேரமில்லாத மனுஷனுக்கு இது மட்டும் எப்படி முடிகிறது என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அது பூ விரிகிற நேரம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டு அவர் தன் அப்பாவோடு வரப்பில் நடந்திருக்கிறார்.

டிசம்பர் 25 அன்று கொழுந்தன், "அண்ணி, வெண்மணிக்குப் போறேன், வரீங்களா?" என்று கேட்டார். பைக்கில் போனோம். வழியெல்லாம் செங்கொடி கட்டிய வேன்கள். கீழ்வெண்மணியில் 1968-ஆம் ஆண்டு இதே தேதி ராத்திரி, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த விவசாயக் கூலிகளின் தெருவில் புகுந்து, ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்திருந்த 44 பேரை எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நினைவிடத்தில் பெயர்களைப் படித்தேன். ஒரே குடும்பத்துப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. பேரணியில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். 1968-இல் அதற்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கைக்குழந்தையோடு மிராசு வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்ததாம். "அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்குத்தான் புள்ள" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தது. முறத்திலிருந்து சிதறியிருந்த நாலைந்து நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி முறத்தில் போட்டது. அப்பாயி நெல்லைக் கீழே விடாது என்பது எனக்கு முன்பே தெரியும். பழைய காலத்து ஆள், சிக்கனம் என்று நினைத்திருந்தேன். அதன் கைக்குத் தெரிந்த கணக்கு வேறு. இப்போது உழுகிற இந்த ஒன்பது மாவும் தாத்தா குத்தகையில் ஆரம்பித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. அந்த வீட்டுக்குள் நான் மருமகளாக வந்திருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

27-ஆம் தேதி திருவாதிரை. முதல் நாள் ராத்திரியே அத்தை களிக்கு நெல் எடுக்கப் பத்தாயத்தைத் திறந்தார். நான் டார்ச் அடித்தேன். பொங்கலுக்குப் போகும்போது அந்தப் பத்தாயத்தின் மேல் பலகையைத் தூக்கினாலே நெல் கைக்கு எட்டும். இப்போது அத்தை பாதி உடம்பை உள்ளே விட்டு, அடியில் கிடந்ததைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். கிச்சிலி நெல் ஒரு மரக்கால்கூடத் தேறவில்லை. போன வருஷத்தின் கடைசி நெல் அது. நாங்கள் போன நாளிலிருந்து அத்தை எங்கள் இலையில் கிச்சிலிச் சோறும், அவர் தட்டில் ரேஷன் அரிசிச் சோறும் போட்டுக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன். "அத்தை, எங்களுக்கும் அதையே போட்டிருக்கலாமே" என்றேன். "நீங்க எப்பவோ வர்றவங்க. தை பொறந்தா எங்களுக்கு வந்துரப்போவுது" என்று சொல்லிவிட்டு நெல்லைப் புடைக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் அந்த நெல்லைக் குத்தி, அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் களி கிண்டினோம். ஏழுகறிக் குழம்புக்குக் காய் கடையில் வாங்கவில்லை. எங்கள் கொல்லையில் பரங்கியும் அவரையும். எதிர்வீட்டிலிருந்து வாழைக்காய். பக்கத்து வீட்டு அக்கா மொச்சை உரித்துக் கொடுத்தார். சர்க்கரைவள்ளிக்கிழங்கு இன்னொரு வீட்டிலிருந்து. பதிலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் களி போனது, அங்கிருந்து அவர்கள் களி வந்தது. யார் வீட்டுப் பத்தாயமும் நிறைந்திருக்கவில்லை. அந்தத் தெருவே வெறும் பத்தாயத்தோடு ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளில் அந்தக் களியை மறக்கவே மாட்டேன்.

அன்று ராத்திரி எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தென்னை மட்டையைக் கொளுத்திக் குளிர் காய்ந்தோம். பேச்சு இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரிடம் போனது. அவர் 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்தபோது மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். "மார்கழி எங்களுக்கு நெறைய பேரைக் கொண்டு போயிருக்கும்மா" என்றார். இவர் தன் அப்பாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சென்னையில் அவர் யார் தோளிலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. நடு ராத்திரிக்கு மேல் ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து வாசலுக்கு வந்தோம். ஒரு கால் மணி நேரம்தான் பெய்தது. தரை நனைந்தது, அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரமும் அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜனவரி 7, 8 தேதிகளில் டெல்டா கடலோரத்தில் கனமழை கொட்டியது. பூ முடிந்து பால் பிடித்திருந்த எங்கள் பயிர் அதில் பிழைத்தது. தாழ்வான இரண்டு மா மட்டும் சாய்ந்துவிட்டது. பிந்தி விதைத்தவர்களுக்காகப் பிப்ரவரி 3-ஆம் தேதி மேட்டூரிலிருந்து இரண்டு டி.எம்.சி. திறந்தார்கள். நல்ல வருஷத்தில் எட்டு மாவில் எண்பது மூட்டைக்கு மேல் காண்கிற மாமா, அந்த முறை 54 மூட்டை கண்டார். பனிக்காலத்து நெல் சுலபத்தில் காயாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். ரோட்டில் கொட்டி, ராத்திரி மூடி, காலையில் விரித்து, நாலு நாள் காவல் இருந்து, மூட்டையைவிடச் சிறிய 81 சிப்பமாகப் போட்டார். குவிண்டாலுக்கு 2,265 ரூபாய் வீதம் 73,386 ரூபாய் கணக்கில் ஏறியது. உழவு, விதை, உரம், களையெடுப்பு, டீசல், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அதற்குள்தான். கிச்சிலி தனியாகப் பத்தாயத்துக்குப் போனது. பத்தாயத்தில் முதல் மூட்டையைக் கொட்டும்போது அத்தை எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

கல்யாணம் ஆகி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிற எல்லோருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொங்கலுக்குக் கட்டாயம் போங்கள். அது எல்லாம் கைக்கு வந்தபின் வருகிற நாள், அவர்கள் உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிற நாள். ஒரு தடவையாவது மார்கழியிலும் போங்கள். நெல் பூவாக நிற்கும்போது, பத்தாயத்தின் அடி தெரியும்போது, மழைக்காகக் காத்திருக்கும்போது போங்கள். நீங்கள் கட்டிக்கொண்டவர் ஏன் இப்படிப் பேசுகிறார், ஏன் சில நாட்களில் பேசாமலே இருக்கிறார் என்பதற்கெல்லாம் அங்கே பதில் இருக்கும். போவதற்கு முன்னால் போன் போட்டு, என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். பயிர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நாங்கள் இப்போது ஒவ்வொரு மார்கழியும் போகிறோம். காலை ஒன்பதரை மணி போனை இப்போதெல்லாம் நான்தான் போடுகிறேன்.